டாவோவில் ஒரு சூரைத் தாடை

தூத்துக்குடிக்காரனுக்குச் சூரை மீன் மேல் பெரிய மரியாதை கிடையாது. சீலா, பாறை, விளமீன் எதுவும் அகப்படாத நாளில் வாங்குவது. மிஞ்சினால் மாசிக் கருவாட்டுக்குப் போவது. பிலிப்பைன்ஸில் டாவோ நகரில் மருத்துவம் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். "சூரைத் தாடை சாப்பிடப் போகலாம்ப்பா" என்றாள். கடல் தாண்டி வந்தது இதுக்குத்தானா என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன்.

மூங்கில் தட்டி, தகரக் கூரை, வாசலிலேயே கரியடுப்பு. ஸ்பூனும் முள்கரண்டியும் வைத்தார்கள். ஆனால் பாதிக் கூட்டம் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கை கழுவக் கூடத்துக்குள்ளேயே தொட்டி. சரி, நம்ம கடை என்று உட்கார்ந்தேன்.

'பங்கா' என்பது தாடை. வாழையிலை விரித்த தட்டை மீறிக்கொண்டு வந்தது. மேலே கரி பிடித்த தோல். கிள்ளினால் உள்ளே நெய் வடிகிற வெள்ளைச் சதை. சூரையில் இப்படியொரு இடம் இருப்பது ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. நம்மூரில் தலையோடு சேர்த்து வெட்டிக் குழம்பில் போட்டுவிடுகிறோம். மீனில் மசாலா என்று பெரிதாக ஒன்றுமில்லை. தொட்டுக்கொள்வதை நாமேதான் கலக்க வேண்டும்: சோயா சாஸ், தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடி, காந்தாரி மாதிரிக் குட்டி மிளகாய், கோலிக்குண்டு அளவில் கலமான்சி எலுமிச்சை. நான் கலந்தது ஒரே உப்பு. பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு கலமான்சியைப் பிழிந்து சரிசெய்து கொடுத்தாள்.

கினிலாவும் சொன்னோம். பச்சை மீன் துண்டுகள், இஞ்சி, வெங்காயம், மிளகாய். அடுப்பே கிடையாது, காடியில் ஊறியே மீன் வெளுத்துவிடுகிறது. முதல் வாய்க்குத் தயங்கினேன், மூன்றாவதற்குத் தயங்கவில்லை.

குறை சினிகாங்கில். புளிக்கரைசலில் இறாலும் முள்ளங்கியும் போட்ட சூப், தாளிக்காத ரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ருசியில் பழுதில்லை. ஆனால் வந்து சேர நாற்பது நிமிடம். அதற்குள் தாடை எலும்பாகிவிட்டது, சோறும் ஆறிப்போனது. இரண்டு முறை கேட்டதற்கும் புன்னகைதான் பதில்.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவி அசைவம் தொடமாட்டாள். கீரை வதக்கல் கேட்டால் அதிலும் சிப்பிச் சாஸாம். மகள் விசாரித்திருக்காவிட்டால் விரதம் போயிருக்கும். வெறுஞ்சோறும், வாழைப்பழத்தை மாவுத்தாளில் சுருட்டிச் சர்க்கரையோடு பொரித்த துரோனும்தான் அவளுக்கு. துரோன் மட்டும் மூன்று தட்டு போனது.

எல்லாம் சேர்த்து 1,180 பெசோ. நம்ம கணக்கில் இரண்டாயிரத்துக்குள்.

போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். திங்கட்கிழமை நாங்கள் எட்டரைக்குப் போனோம், தாடை தீர்ந்துவிட்டது. வால் துண்டுதான் இருந்தது. வறவறவென்று, சாட்சாத் நம்மூர்ச் சூரை.