ஆக்சில் பூட் கிட்: பெங்களூரு ஜே.சி. ரோட்டில் எதை வாங்கலாம், எதை விடலாம்

முன் சக்கர ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்துக் கிடந்தால் முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, கருப்பாக ஒட்டினால் அது சி.வி. ஜாயின்ட் கிரீஸ், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் தண்டின் மூட்டில் இருக்கும் கிரீஸ். அந்த மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறது. நீர்த்து வழிந்தால் கியர்பாக்ஸ் ஆயிலாகவோ பிரேக் ஆயிலாகவோ இருக்கலாம். அது கியர்பாக்ஸ் ஆயிலைத் தடுக்கும் ஆயில் சீல் அல்லது பிரேக் விவகாரம், பூட் வாங்கிப் பயனில்லை.

பூட் மட்டும் போதுமா, ஆக்சிலையே மாற்றணுமா என்பதைக் காதே சொல்லிவிடும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக இரண்டு பக்கமும் வட்டமடியுங்கள். ‘டக் டக்’ என்று சக்கரத்தோடு சேர்ந்து சத்தம் வந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் வெளி ஜாயின்ட்டின் (சக்கரப் பக்க மூட்டு) குண்டுகளும் அவை ஓடும் பள்ளமும் தேய்ந்துவிட்டன. இனி புது பூட் போடுவது வீண் செலவு. சத்தமே இல்லை, கசிவு மட்டும்தான் என்றால் கிட் போதும். கிட் சில நூறு ரூபாயில் முடியும், ஆக்சில் ஆயிரங்களில் நிற்கும். அதனால் இந்தச் சோதனையை மெக்கானிக் செய்யும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஆனால் ‘பூட் கொடுங்க’ என்று மட்டும் கேட்டால் கைக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. ஒரே மாடலிலேயே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஆக்சில் மாறலாம். சேஸிஸ் நம்பர், வெளிப்பக்கமா (சக்கரப் பக்கம்) உள்பக்கமா (கியர்பாக்ஸ் பக்கம்), இடதா வலதா என்ற விவரத்தோடு போங்கள். முடிந்தால் பழைய பூட்டையே கொண்டுபோய் இரண்டு வாயின் விட்டத்தையும் நீளத்தையும் ஒத்துப்பாருங்கள்.

கம்பெனி கிட்டுக்கே முதல் இடம். பூட், இரண்டு கிளாம்ப், கிரீஸ் பாக்கெட், பெரும்பாலும் ஜாயின்ட்டைத் தண்டில் பிடித்து வைக்கும் வளையமான புது சர்க்ளிப்பும் சேர்ந்தே வரும். நல்ல பிராண்டின் வெளிமார்க்கெட் கிட்டும் குறைந்ததில்லை, ஆனால் அதில் வரும் கிளாம்ப்பைக் கவனியுங்கள். தகரம் மாதிரி வளைந்தால், காது வைத்த ஸ்டெயின்லெஸ் கிளாம்ப்பைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

‘யுனிவர்சல்’ என்று விற்கும் இழுவை பூட்டைக் கூம்பு வைத்து ஜாயின்ட்டுக்கு மேலேயே இழுத்து மாட்டிவிடலாம், ஜாயின்ட்டைக் கழற்ற வேண்டாம் என்பார்கள். கழற்றாமல் உள்ளே போன மண்ணை எப்படிச் சுத்தமாகக் கழுவுவது? தவிர, எப்படியும் ஆக்சிலை ஹப்பிலிருந்து (சக்கரம் மாட்டும் மையம்) உருவியே ஆகணும். மிச்சமாவது கொஞ்ச நேரம்தான். உள்பக்க ஜாயின்ட்டுக்கு இதை வாங்கவே வாங்காதீர்கள். பல கார்களில் அந்த ஜாயின்ட்டின் கூடு வட்டமாக இருக்காது, மூன்று மடலாக இருக்கும். வட்ட வாயை அதன்மேல் எவ்வளவு இறுக்கினாலும் மூன்று இடுக்கிலும் கிரீஸ் ஒழுகும்.

பிளந்த வாயைப் பசை போட்டு ஒட்டும் பூட், ஊருக்குப் போகிற வழியில் ஓசூர் தாண்டிக் கிழிந்தால் திரும்பி வரும் வரைக்குமான மருந்து, அவ்வளவே. ஒட்டும் விளிம்பில் துளி கிரீஸ் பட்டாலும் ஒட்டு விட்டுவிடும். கிரீஸ் வழியும் ஆக்சிலில் அந்த விளிம்பைச் சுத்தமாக வைத்திருக்க யாரால் முடியும்?

கிட் நல்லதாக இருந்தும் சில மாதத்தில் மறுபடி ஒழுகுவது பெரும்பாலும் மாட்டிய கையின் கோளாறு. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்தணும். சஸ்பென்ஷனின் கீழ் பால் ஜாயின்ட்டைக் கழற்றி ஆக்சிலை உருவிய பிறகு, வெளி ஜாயின்ட்டைப் பித்தளைக் கட்டை வைத்துத் தட்டினால் பெரும்பாலான கார்களில் சர்க்ளிப்பை விட்டுக் கழன்றுவிடும். வெறும் சுத்தியலால் ஜாயின்ட்டை அடிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெயில் பழைய கிரீஸ் முழுவதையும் கழுவி, நன்றாக உலர விடணும். ஈரத்தோடு கிரீஸ் வைத்தால் கழுவியதற்கே அர்த்தமில்லை.

வைக்கும் கிரீஸ் மாலிப்டினம் கலந்த சி.வி. கிரீஸாக இருக்கணும். டப்பாவில் இருக்கும் வீல் பேரிங் கிரீஸை அள்ளி வைத்தால் தடுத்துவிடுங்கள். சிறிய கார்களின் வெளி ஜாயின்ட்டுக்குச் சுமார் 80 முதல் 120 கிராம் பிடிக்கும். பாக்கெட்டில் உள்ளதைக் குண்டுகளுக்கு இடையே அழுத்தி நிரப்பிவிட்டு மீதியைப் பூட்டுக்குள் விடணும். கடைசிக் கிளாம்ப்பை இறுக்குவதற்கு முன் சின்ன வாயின் விளிம்பை லேசாகத் தூக்கி உள்காற்றை வெளியேற்றணும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்று அடைபட்ட பூட் உப்பிக்கொண்டு மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிளாம்ப்புக்குப் பதில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினால் வண்டியை எடுக்காதீர்கள்.

ஹப் நட் புதிதாக இருக்கணும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கணும். நட் முடுக்கும் காற்றுத் துப்பாக்கியால் (இம்பாக்ட் ரென்ச்) இறுக்கினால் பேரிங் கெடலாம். உள்பக்கத்தையும் கழற்றியிருந்தால் கியர்பாக்ஸ் ஆயில் கொஞ்சம் ஒழுகியிருக்கும். அளவு பார்த்து ஊற்றச் சொல்லுங்கள், பில்லில் அதுவும் வரும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தி, பூட்டின் இரண்டு வாயையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறை தெரிந்தால் மாட்டிய இடத்துக்கே போய்க் கிளாம்ப்பை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.