உள்ளே வரும்போது வடிகட்டுவதா, வெளியே காட்டும்போதா?

2015 ஏப்ரலில், இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 4.2 பதிப்பு வந்த சில நாளிலேயே, பின்லாந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் யோக்கோ ப்யூன்னோனென் அதில் ஒரு ஓட்டையை வெளியிட்டார். 64 கிலோபைட்டைத் தாண்டும் ஒரே ஒரு பின்னூட்டம் போதும், தளத்தையே கைப்பற்றிவிடலாம். அதைப் படித்த நாளிலிருந்து, வேர்ட்பிரஸையும் அதே வேலையைச் செய்யும் ட்ரூபலையும் யார் ஒப்பிடச் சொன்னாலும் நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன். பயனர் எழுதியதை எந்த வாசலில் சுத்தம் செய்கிறார்கள்: சேமிக்கும் முன் உள்வாசலிலா, பக்கத்தில் காட்டும்போது வெளிவாசலிலா?

வேர்ட்பிரஸ் உள்வாசலில் செய்கிறது. பின்னூட்டம் வந்ததும் ஆபத்தான டேக்குகளை (ஹெச்டிஎம்எல் குறிகளை) நீக்கிவிட்டு மிச்சத்தைச் சேமிக்கும். அன்று சோதனைக்கு வந்த சரக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. அனுமதிக்கப்பட்ட லிங்க் டேக், அதற்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே நீளமான வெறும் எழுத்து. ஆனால் அதைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு பின்னூட்டத்துக்கான இடம் 65,535 பைட்தான் கொள்ளும். மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது; மூடும் மேற்கோளும் அதோடு போனது. உடைந்த டேக்கைப் பக்கத்தில் காட்டும்போது, உள்ளே வெறும் எழுத்தாகக் கிடந்தது ஓடக்கூடிய ஜாவாஸ்கிரிப்டாக மாறியது. அட்மின் லாகின் செய்த நிலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அவருடைய அதிகாரத்திலேயே தளத்தின் தோற்றக் கோப்புகளைத் திருத்தும் தீம் எடிட்டர் வழியாக சர்வருக்குள் நுழையலாம். சோதித்தது ஒன்று, சேமித்தது வேறொன்று. ஏப்ரல் 27 அன்று 4.2.1 வந்து இதை அடைத்தது.



ட்ரூபல் எழுதியதை எழுதியபடியே சேமிக்கிறது; காட்டும்போதுதான் வடிகட்டுகிறது. வழியில் எங்கே வெட்டுப்பட்டிருந்தாலும், பிரவுசருக்குப் போகப்போகிற வடிவமே சோதனைக்கு வருகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. வடிகட்டியில் பிழை இருந்து பிறகு திருத்தினால், பழைய பதிவுகளுக்கும் அந்தத் திருத்தம் பொருந்தும். உள்வாசல் முறையில், பிழை இருந்த காலத்தில் நுழைந்த விஷம் டேட்டாபேஸிலேயே கிடக்கும். யாராவது தேடிப்பிடித்து எடுக்கவேண்டும்.

உள்வாசல் முறைக்கும் நியாயம் உண்டு. ஒருமுறை சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் செய்யவேண்டியதில்லை. வெளிவாசலில் யாராவது மறந்தால் பாதுகாப்பே இல்லை. ட்ரூபல் 7 தீம்களில் அந்த மறதிக்கு இடமிருந்தது. 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8, ட்விக் என்ற டெம்ப்ளேட் முறைக்கு மாறியது. அதில் அச்சாகும் மாறிகள் தானாகவே எஸ்கேப் ஆகும் (டேக்காக ஓடாமல் வெறும் எழுத்தாகவே தெரியும்), வேண்டாமென்றால் வெளிப்படையாக எழுதித்தான் விலக்கவேண்டும். மறந்தாலும் பாதுகாப்பு, நினைத்துச் செய்தால்தான் ஆபத்து: எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது.

அதற்காக ட்ரூபல் கோட்டை என்று சொல்லமாட்டேன். 2018 ஏப்ரலில் அதனுடன் வரும் சிகேஎடிட்டர் என்ற எழுதும் கருவியின் படச் செருகியில் (பிளகினில்) எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை, அதாவது அடுத்தவர் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் ஓடவிடும் இதே வகை ஓட்டை, கண்டு திருத்தினார்கள். முழு ஹெச்டிஎம்எல் எழுதும் உரிமையைப் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுத்தால் எந்த வடிகட்டியும் உதவாது. வேர்ட்பிரஸில் அட்மினுக்கும் எடிட்டருக்கும் வழக்கமாகவே வடிகட்டி கிடையாது. ஒரு எடிட்டரின் பாஸ்வேர்ட் திருடுபோனாலே போதும். வேண்டாமென்றால் கான்ஃபிக் கோப்பில் ஒரே வரியில் இந்த விலக்கை நிறுத்தலாம், பல தளங்களில் யாரும் செய்வதில்லை.

மூன்றாவது வழியாக, எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று தளம் பிரவுசருக்குச் சொல்லிவைக்கும் சிஎஸ்பி என்ற விதிப் பட்டியலைச் சொல்வார்கள். அனுமதி இல்லாத ஸ்கிரிப்டைப் பிரவுசரே தடுக்கும், நல்ல ஏற்பாடு. ஆனால் செருகிகள் ஆளாளுக்குப் பக்கத்துக்குள்ளேயே ஸ்கிரிப்டை எழுதி வைத்திருக்கும் வேர்ட்பிரஸ் தளத்தில் அதைக் கண்டிப்பாகப் போட்டால் பாதி வேலை நின்றுவிடும்.

புதிதாகத் தொடங்குபவர், பல பேர் எழுதும் தளம் என்றால், ட்ரூபலை எடுக்கவே சொல்வேன். ஏற்கெனவே வேர்ட்பிரஸில் இருப்பவர் மாறத் தேவையில்லை. தளத்தின் தீம் கோப்புகளைத் திறந்து பார்த்தால் போதும். நான் பராமரிக்க வாங்கிய ஒரு தளத்தில் முகவரிக்கென்று தனிப் புலம் வைத்து, அதன் மதிப்பை அப்படியே எக்கோ செய்திருந்தார்கள், அதாவது எஸ்கேப் செய்யாமல் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். வேர்ட்பிரஸின் உள்வாசல் வடிகட்டி பதிவு, பின்னூட்டம் போன்றவற்றைத்தான் பார்க்கும், இந்தப் புலங்களை எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு ஸ்கிரிப்ட் டேக்கைப் போட்டுச் சேமித்தேன், பக்கத்தைத் திறந்ததும் ஓடியது. அன்று மாலை முழுவதும் தீமிலுள்ள எக்கோ வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி, எஸ்கேப் ஃபங்ஷனைச் சேர்ப்பதிலேயே போயிற்று.