அரக்கு, ஜரிகை, ஒரு பழைய ஜூபிட்டர்-8

ஜவுளிக் கடைகளின் இணைய விற்பனைக்காகச் சேலைகளைப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். அரக்கு அரக்காகவும் மயில்கழுத்து மயில்கழுத்தாகவும் திரையில் தெரிய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார், அது பற்றிய தொலைபேசி அழைப்பு கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனிச் சாளரத்தில் பார்த்துக் குவிப்பவை) லென்ஸ்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவற்றின் நிறத்தையே முதலில் புகழ்வதைக் கேட்டுக் கேட்டு, நிறத்தை வைத்தே பிழைக்கிற நானும் சென்ற ஆண்டு ஒரு ஜூபிட்டர்-8 வாங்கினேன். பத்து மாதம் புழங்கிய பிறகு சொல்கிறேன்: நல்ல லென்ஸ்தான், ஆனால் அதன் நன்மை நிறத்தில் இல்லை.

ஜூபிட்டர்-8 என்பது 50 மி.மீ. குவியத் தூரமும் எஃப்/2 திறப்பும் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது) கொண்ட சோவியத் லென்ஸ். பூர்வீகம் ஜெர்மனி. 1932இல் வெளிவந்த காண்டாக்ஸ் கேமராவுக்காக லுட்விக் பெர்டலே வடிவமைத்த, சைஸ் நிறுவனத்தின் 'சொன்னார்' என்ற லென்ஸ்தான் இதன் மூலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் கண்ணாடியும் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. முதலில் அந்த ஜெர்மன் கண்ணாடியைக் கொண்டே லென்ஸ் செய்தார்கள், பிறகு தங்கள் கண்ணாடிக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொண்டு ஜூபிட்டர் என்ற பெயரில் ஐம்பதுகளிலிருந்து பெருமளவில் உற்பத்தி செய்தார்கள். என்னிடம் உள்ளது மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் சோர்க்கி கேமராவுக்காக 39 மி.மீ. மரையுடன் செய்யப்பட்டது. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 58 என்று இருப்பதால் 1958ஆம் ஆண்டினது.

முன்வளையத்தில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஓர் எழுத்து பொறித்திருக்கும். நம் 'ப'வைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவம், ஒலியும் 'ப'தான். வில்லைகளுக்கு, அதாவது லென்ஸுக்குள் இருக்கும் தனித்தனிக் கண்ணாடிகளுக்கு, ஒளி திரும்பிப் போவதைக் குறைக்கும் பூச்சு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான உருசியக் குறி அது. அந்தப் பூச்சின் அருமையை உணர வேண்டுமானால் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும், காற்றைத் தொடும் இடத்தில், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு வில்லைகளைத் தனித்தனியாக நிறுத்தினால் பன்னிரண்டு பரப்புகள்; சென்று சேரும் ஒளி 61 விழுக்காடு. பெர்டலே செய்த காரியம், ஆறு வில்லைகளை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கியது. காற்றைத் தொடும் பரப்புகள் ஆறாகக் குறைந்து, பூச்சே இல்லாத காலத்திலும் 78 விழுக்காடு ஒளி போய்ச் சேர்ந்தது. இழந்த ஒளி தொலைந்து போனால்கூடக் கவலையில்லை. அதில் ஒரு பகுதி லென்ஸுக்குள்ளேயே அலைந்து திரிந்து கடைசியில் படத்தின் மேல் வெண்படலமாகப் படிகிறது என்பதுதான் தொல்லை. சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் பூச்சு முறையைக் கண்டுபிடித்த பிறகு இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. ஆனால் ஜூபிட்டரின் காலத்துப் பூச்சு ஒற்றை அடுக்குத்தான், இன்றைய பலவடுக்குப் பூச்சின் பக்கத்தில் வைக்க முடியாது.

கையில் பிடிக்க எளிய லென்ஸ் இது. அலுமினிய உடல், கால் கிலோவுக்கு வெகு குறைவான எடை. சோனி ஏ7 வரிசைக் கேமராவில் ஏறத்தாழ பத்தே முக்கால் மி.மீ. அளவுள்ள ஓர் இடைவளையத்தை (அடாப்டர்) வைத்துப் பொருத்தியிருக்கிறேன். திறப்பு வளையத்தில் 'கிளிக்' கிடையாது. எண்ணைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும், திருப்பும்போது சில சமயம் ஃபோகஸ் வளையமும் கூடவே நகர்ந்துவிடும். ஒரு மீட்டருக்கு உள்ளே குவியாது. பழகிக்கொள்ளலாம்.

நிறத்துக்கு வருகிறேன். ஐந்து சேலைகளை, அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, கருநீலம் என்று வரிசையாக ஒரே கம்பியில் தொங்கவிட்டு, வடக்குச் சன்னல் வெளிச்சத்தில், ஒரே கேமராவில் முதலில் இன்றைய மேக்ரோ லென்ஸையும் அடுத்து ஜூபிட்டரையும் மாட்டி எடுத்தேன். வைட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சமன்செய்யும் அமைப்பை, மாற்றாமல் பார்த்தபோது ஜூபிட்டரின் படம் இளமஞ்சள் சாயலோடு, நீர்மோரில் மஞ்சள்தூள் லேசாகப் பட்டது போல இருந்தது. பழைய கண்ணாடியும், வில்லைகளை ஒட்டிய பசையும் நீல ஒளியில் கொஞ்சத்தை விழுங்குவதால் வரும் சாயல் இது. ரசிகர்கள் 'இதமான நிறம்' என்று கொண்டாடுவது பெரும்பாலும் இதைத்தான். சாம்பல் அட்டையை வைத்து இரண்டு படங்களுக்கும் வைட் பேலன்ஸைச் சரிசெய்ததும் அந்த இதம் போன இடம் தெரியவில்லை. மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் இரண்டு லென்ஸிலும் ஒன்றுபோலவே நின்றன. எது எதனுடைய படம் என்று என்னைக் கேட்டிருந்தால் நானே திணறியிருப்பேன்.

அடர்ந்த நிறங்களில்தான் வேறுபாடு விடாமல் நின்றது. கடைக்காரரிடம் ஜூபிட்டரின் படத்தை மட்டும் காட்டினேன். "என்ன தம்பி, அரக்குச் சேலையைக் கேட்டா செங்கல் கலர்ல ஒண்ணு காட்டுறீங்க?" என்றார். அவர் கண் தப்பு சொல்லாது. சேலைகளுக்குப் பின்னால் இருந்தது வெள்ளைச் சுவர். அந்த வெள்ளை லென்ஸுக்குள் சிதறி, படம் முழுவதிலும் சன்னமாகக் கலந்திருந்தது. மஞ்சளோடு கொஞ்சம் வெள்ளை கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. அரக்கோடும் கருநீலத்தோடும் கலந்தால் உடனே தெரியும், ஏனெனில் அங்கே முதலில் இருந்த ஒளியே குறைவு. சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, லென்ஸின் முன்னால் 40.5 மி.மீ. மரைக்கு ஒரு ஹூட் (பக்கவாட்டு ஒளியைத் தடுக்கும் மறைப்பு) மாட்டி மறுபடி எடுத்தேன். அரக்கு திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை, மாறியவை சுவரும் முன்னால் மாட்டிய ஹூட்டும் மட்டுமே. இந்த லென்ஸின் நிறம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, எதிரே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்த கான்ட்ராஸ்ட், அதாவது ஒளிக்கும் இருளுக்குமான வேறுபாடுதான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஃபிலிம் காலத்தில் இந்தச் சாயல்களுக்கு வேறு மதிப்பு இருந்தது. ஸ்லைடு ஃபிலிமில் எடுத்த படத்தைப் பின்னால் திருத்த வழியில்லை. லென்ஸ் மஞ்சளாகக் காட்டினால் படம் மஞ்சள்தான். ஒரு லென்ஸ் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்றிலும் எவ்வளவு கைவைக்கிறது என்பதை எண்களில் குறிக்கும் பன்னாட்டுத் தரம் 1983இல்தான் வந்தது. ரேஞ்ச்ஃபைண்டர்களின் பொற்காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. உள்ளே சிதறும் ஒளிகூட ஃபிலிமில் ஒரு வேலை செய்தது. நிழலில் இருக்கும் மிகக் குறைந்த ஒளி ஃபிலிமில் பதியவே போதாமல் போகும் இடத்தில், சிதறல் ஒளி அதைத் தூக்கிப் பதியும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும்; உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் நிழல் கரியாகப் போகாமல் தப்பியது அதனால்தான். டிஜிட்டல் சென்சாரில் அந்த நன்மை கிடையாது. நிழல் வெளிறுகிறது, அதில் புதிதாக ஒரு விவரமும் சேர்வதில்லை. அதே வெளிறலை நல்ல லென்ஸில் எடுத்த படத்தில் மென்பொருளில் ஒரு நகர்த்தியைத் தள்ளி வரவழைத்துக்கொள்ளலாம் என்னும்போது, நிறத்துக்காக மட்டும் இந்த லென்ஸை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஏன் விற்காமல் வைத்திருக்கிறேன்? ஜரிகைக்காக. எஃப்/2 திறப்பில், சன்னலோரம் மடிப்பாக விழுந்திருந்த ஒரு முந்தானையை ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தேன். ஜரிகையின் ஒவ்வொரு இழையும் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் பட்ட இழைகளைச் சுற்றி மயிரிழை அகலத்துக்கு ஒரு பொன்னிற ஒளி கசிந்து, பக்கத்துப் பட்டின் மேல் படர்ந்து முடிகிறது. லென்ஸின் விளிம்பு வழியாக வரும் கதிர்களும் நடு வழியாக வரும் கதிர்களும் ஒரே இடத்தில் கூடாமல் போகும் கோளப்பிறழ்ச்சியே இதற்குக் காரணம். வைட் பேலன்ஸ் இதைத் தொடாது, கறுப்புத் துணியும் தொடாது. எஃப்/4க்கு மூடினால் மறைந்துவிடும். மென்பொருளில் மங்கலைச் சேர்த்துப் பார்த்தேன். பட்டு முழுவதும் ஈரத்துணி போலச் சோர்ந்துவிட்டதே தவிர, கூர்மையும் கசிவும் ஒரே இழையில் கூடி நிற்கும் அந்தத் தன்மை வரவில்லை. பின்புலமும் அப்படியே: ஃபோகஸிலிருந்து விலகும் பொருள்கள் திடீரென்று உடையாமல் படிப்படியாகக் கரைகின்றன. நெசவாளர் ஒருவரைத் தறியின் முன்னால் உட்காரவைத்து எடுத்த படத்தில், அவர் முகத்துக்குப் பின்னால் பாவு நூல்கள் இரட்டைக் கோடுகளாகப் பிரியாமல் ஒரே மென்மையான வரிகளாக நிற்கின்றன. இரட்டைக் கோடு விழும் லென்ஸ்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதே பிறழ்ச்சி ஒரு வில்லங்கத்தையும் கூட்டி வருகிறது. முழுத் திறப்பில் குவித்துவிட்டுப் பிறகு எஃப்/4க்கு மூடினால், குவியம் சற்றே பின்னால் நகர்ந்துவிடும். சொன்னார் வழிவந்த லென்ஸ்களின் பிறவிக் குணம் இது. கரையில் குவித்த படம் கரையைத் தாண்டி உடலில் கூர்மையாக வந்ததைக் கண்டு முதல் வாரம் இடைவளையத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். என் சோனி போன்ற மிரர்லெஸ் கேமராவில், எந்தத் திறப்பில் எடுக்கப் போகிறோமோ அதே திறப்பிலேயே குவித்துவிட்டால் தீர்ந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவிலேயே பயன்படுத்த நினைப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதிலும் லைக்கா உடலில் மாட்டினால், அருகில் முழுத் திறப்பில் குவியம் பிசகுகிறது என்ற புகார் இந்த லென்ஸைப் பற்றிப் பல காலமாக உண்டு.

ஒப்பிடுவதற்காக, அதே 39 மி.மீ. மரையுள்ள கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்றையும் வாங்கினேன். 1951இல் அறிமுகமான வரிசை. நான்கு தொகுதிகளில் ஆறு வில்லைகள், சொன்னாரோடு உறவில்லாத, இரட்டை காஸ் என்ற வேறொரு வில்லை அமைப்பு. இதை விற்றவர் விளம்பரத்தில் 'கனவு போன்ற ஒளிர்வு' என்று எழுதியிருந்தார். வந்ததும் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். திறப்பிதழ்களுக்குப் பின்னால் உள்ள வில்லையில் பால் ஏடு போல ஒரு படலம் இருந்தது. கேனானின் இந்த வரிசையில் அடிக்கடி காணும் நோய் அது. கனவு என்று அவர் சொன்னது அந்த ஏட்டைத்தான். பழுது பார்ப்பவர் ஒருவர் அதைத் துடைத்துக் கொடுத்த பிறகு ஒளிர்வும் போயிற்று, கனவும் போயிற்று. கையில் மிஞ்சியது கூர்மையான, நேர்மையான, ஜூபிட்டரைவிடக் குளிர்ந்த சாயலுள்ள ஒரு லென்ஸ். நல்லவேளையாகப் படலம் கண்ணாடியை அரித்திருக்கவில்லை. அரித்திருந்தால் துடைத்தும் பயனிருக்காது. சேலைப் படத்துக்குப் பழைய லென்ஸ்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் இந்தக் கேனானைக் கொடுப்பேன். முகங்களுக்கு ஜூபிட்டர்.

இந்த இரண்டோடு நில்லாமல் அகலக்கோண லென்ஸுக்குத் தாவ நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 35 மி.மீ. ஜூபிட்டர்-12இன் பின்வில்லை கேமராவுக்குள் ஆழமாக நீண்டிருக்கும். சென்சாரின் ஓரங்களில் ஒளி மிகச் சாய்வாக விழுவதால் அங்கே கூர்மை குழைந்து, ஊதாச் சாயமும் ஏறலாம். அது லென்ஸின் குணமல்ல, ஃபிலிமுக்காகச் செய்ததைச் சென்சாரின் முன்னால் வைப்பதால் வரும் கோளாறு.

வாங்குவதானால் கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, திறப்பை முழுதும் திறந்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம். அடுத்து, தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தையோ அலைபேசிக் கம்பத்தையோ குவித்துப் பாருங்கள். இந்த லென்ஸ்கள் பல கைகளால் பிரித்து மாட்டப்பட்டவை. உள்ளே இருக்கும் மெல்லிய தகடு ஒன்று மாறிப்போயிருந்தால்கூட வளையத்தின் எண்ணுக்கும் உண்மைத் தூரத்துக்கும் பொருந்தாது. மிரர்லெஸ் கேமராவில் இதைச் சகித்துக்கொள்ளலாம், ரேஞ்ச்ஃபைண்டரில் முடியாது. பழைய கிரீஸ் இறுகிப்போனது ஒரு பொருட்டல்ல, மாற்றிவிடலாம். நல்ல நிலையில் உள்ள ஜூபிட்டர்-8 ஒரு சாதாரணப் பட்டுச்சேலையின் விலைக்குள் முடிந்துவிடும்; ஹூட்டையும் கறுப்புத் துணியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.