மணிக்கட்டு எம்ஆர்ஐ: படம் நன்று, படுக்கவைத்த விதம்தான் கொடுமை

கதவுக் குமிழைத் திருகினாலே சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் சுரீர் என்று வலிக்கும். எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் சரி என்றார்கள்; வலி ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார் மருத்துவர்.

ஸ்கேன் மையத்தில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேலே நீட்டச் சொன்னார்கள். வானத்தில் பறக்கப்போகிறவன் போல அரை மணி நேரம்! மணிக்கட்டு காந்தத்தின் நடுவில் இருந்தால்தான் படம் தெளிவாக விழும் என்றார்கள், நியாயம்தான். ஆனால் பத்தாவது நிமிடத்திலேயே தோள் மரத்துவிட்டது. விரல் லேசாகத் துடித்ததில் ஒரு வரிசைப் படங்கள் கலங்கிப்போய், மறுபடி எடுத்தார்கள். நெஞ்சுக்கடியில் ஒரு தலையணை வைக்கலாம் என்று அப்போதுதான் அந்த ஊழியருக்குத் தோன்றியது. காதில் பஞ்சு அடைத்தும் தடதடவென்ற சத்தம் மண்டைக்குள் ஓடியது.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தம், மணிக்கட்டைச் சுற்றிப் பொருந்தி, படத்துக்கான சமிக்ஞையைப் பிடிக்கும் தனிச் சுருள். 8 குட்டி எலும்புகளும் கூழாங்கற்கள் போலத் தனித்தனியாகத் தெரிந்தன. எக்ஸ்ரேயில் தெரியாத, சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டுக்கு மெத்தை போல இருக்கும் முக்கோணக் குருத்தெலும்பில்தான் கிழிசல். கறுப்புப் பட்டையின் குறுக்கே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு; மருத்துவர் பேனா முனையால் தொட்டுக் காட்டியிராவிட்டால் கண்டிருக்கவே மாட்டேன். கூடவே ஒரு சிறு நீர்க்கட்டியும் இருந்தது. அதற்கும் வலிக்கும் சம்பந்தமில்லையாம்.

அறிக்கை மறுநாளே கிடைத்தது. போகிறவர்கள், படுப்பதற்கு முன்பே தலையணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.