‘ஃபுல் கவர்தானே?’ என்று கேட்டு ஏமாந்த கதை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் அயர்லாந்தில் நர்ஸ் வேலையில் இருக்கிறார்கள். பெற்றோர் ஆண்டுக்கு ஒருமுறை போய்வருகிறார்கள். போன இடத்தில் கார் எடுத்துச் சுற்றலாமே என்று தோன்றும். அங்கும் வண்டிகள் இடதுபுறம்தான் ஓடுகின்றன, ஸ்டியரிங்கும் நம் ஊரைப் போல வலப்பக்கம். அந்தத் தைரியத்தில்தான் நானும் இறங்கினேன். ஐந்து நாள் வாடகை 210 யூரோ. அதற்கு மேல் நான் தொலைத்தது 768 யூரோ.

இணையத்தில் மகள்தான் பதிவு செய்தாள். பணம் கட்டும் பக்கத்தில் ‘முழுப் பாதுகாப்பு, 38 யூரோ’ என்றொரு கட்டம் இருந்தது. அதையும் டிக் செய்துவிட்டாள். இங்கே என் காருக்குச் சேதச் செலவை ஏறக்குறைய முழுவதும் ஏற்கும் பம்பர் டு பம்பர் பாலிசி இருக்கிறது. 1500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் ஒரு கிளெய்முக்குக் கட்டாயமாகக் கைவிட்டுப் போவது 1,000 ரூபாய். அங்கேயும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டப்ளின் விமான நிலையக் கவுண்டரில் இருந்த இளைஞர் அந்தப் பாலிசியைப் பார்த்துவிட்டு, “இது எங்களுடையது இல்லையே” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வாடகையோடு சி.டி.டபிள்யூ. என்று ஒன்றைச் சேர்த்தே தருகிறார்கள். வண்டிக்கு எவ்வளவு சேதம் வந்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம் என்ற வாக்குறுதி அது. அந்தக் குறிப்பிட்ட தொகைக்குப் பெயர் எக்ஸஸ். எக்ஸஸ் என்றால் மிகுதி, ஆகவே ஏதோ கூடுதலாகக் கிடைக்கப்போகிறது என்று எண்ணிய அறிவாளி நான். என் ஒப்பந்தத்தில் அது 2,000 யூரோ. 38 யூரோ பாலிசி வேறொரு கம்பெனியுடையது. எக்ஸஸை முதலில் நான் கட்ட வேண்டும், பிறகு எழுதிப் போட்டு அவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதனால் 2,000 யூரோவை டெபாசிட்டாகக் கார்டில் பிடித்துவைக்க வேண்டும் என்றார். முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்திருந்த ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினேன். ப்ரீபெய்ட் கார்டு செல்லாது. மகளின் கார்டு? ஓட்டுபவர் பெயரில்தான் கார்டு இருக்க வேண்டும். அவளோ அங்கே குடியேறியவள், இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டக் கூடாது. சுற்றிப் பார்க்க வந்தவன் என்பதால் நான் ஓட்டலாம். என் கிரெடிட் கார்டில் விமான டிக்கெட் எடுத்தது போக அவ்வளவு லிமிட் இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“எங்கள் சூப்பர் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸஸ் பூஜ்யம், டெபாசிட் 200 போதும். நாளுக்கு 29 யூரோ.”

“ஃபுல் கவர்தானே?”

“ஃபுல் கவர், சார்.”

கையடக்கத் திரையொன்றை நீட்டினார். கையெழுத்துக்கான பெட்டி மட்டும் தெரிந்தது. விரலால் கிறுக்கினேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

மூன்றாம் நாள், கால்வேக்கு மேற்கே மாஞ்சோலைப் பாதையை விடவும் குறுகலான ஒரு சாலை. இரண்டு பக்கமும் கல் அடுக்கிய சுவர். எதிரே சுற்றுலா பஸ் வந்தது. இடப்பக்கம் ஒதுக்கினேன், புல்லுக்குள் மறைந்திருந்த கல்லில் முன்சக்கரம் ஏறியது. டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் கிழிசல். ரிம்மின் விளிம்பு கோணிவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. ஒரு பசை டப்பாவும் காற்றடிக்கும் சிறு கருவியும் இருந்தன. ஆணி குத்திய ஓட்டையை அடைக்கத்தான் அந்தப் பசை. மழையில் இரண்டு மணி நேரம் நின்று மீட்பு வண்டியை வரவழைத்தோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் சொன்னார்கள்: டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், மீட்பு வண்டி எதுவும் சூப்பர் கவரில் சேராது. டயருக்கு 160, ரிம்முக்கு 245, மீட்பு வண்டிக்கு 130, நிர்வாகக் கட்டணம் 50. ஆக 585 யூரோ. எல்லாம் நான் கிறுக்கிய ஒப்பந்தத்தில் இருக்கிறது. சட்டப்படி அவர்களைக் குறை சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சிரித்த முகத்தோடு “ஃபுல் கவர்” என்று சொன்னதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

கொடுமை என்னவென்றால், அந்த 38 யூரோ பாலிசியில் டயரும் ரிம்மும் அடங்கியிருந்தன. ஒப்பந்தம், சேத அறிக்கை, படங்கள், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து நிராகரித்தார்கள். பாலிசி மகள் பெயரில், வாடகை ஒப்பந்தம் என் பெயரில். பாலிசிதாரரே முதன்மை ஓட்டுநராக இருக்க வேண்டுமாம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கக் காட்டிய அக்கறையில் கால்வாசியை இந்தப் பாலிசியில் காட்டியிருக்கலாம். பிள்ளைகள் வாங்கித் தந்தாலும் ஓட்டப்போகிறவர் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். சில பாலிசிகள் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே செல்லும், இந்தியாவில் வசிப்பவருக்கு உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். டெபாசிட் தொகைக்குக் கிரெடிட் கார்டில் இடம் இருந்தால் கவுண்டரில் யாரும் உங்களை நெருக்க முடியாது. அங்கே என்னைப் போல ‘ஃபுல் கவர்தானே’ என்று கேட்காதீர்கள். டயர் கிழிந்தால் யார் கொடுப்பது, கண்ணாடி உடைந்தால் யார் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அது எழுதியிருக்கும் வரியைக் காட்டச் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் நிற்கட்டும்.

திருநெல்வேலிக்காரருக்கே அல்வாவா அண்ணாச்சி என்று தெருவில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள், நீங்களும் கேட்க வேண்டாம்.

பாலிசி செல்லாது என்றால் அந்த 38 யூரோவையாவது திருப்பித் தாருங்கள் என்று போன வாரம் எழுதினேன். பயணம் முடிந்துவிட்டதால் தர இயலாதாம்.