ஓதச் சமவெளிப் பாறைக்கு ஒரு கோர் ஆய்வகம்: மென்சீவல் அருமை, உலர்த்துவதில்தான் கவனம் வேண்டும்

மேற்கு டெக்சஸின் சான் ஆண்ட்ரஸ் என்ற எண்ணெய்ப் பாறை அடுக்கில் எடுத்த கோர் மாதிரிகளை (துளையிட்டு எடுத்த உருளைப் பாறைத் துண்டுகளை), நுண்துளை அளவும் (பாறையில் துளைகளின் பங்கு) உட்புகுதிறனும் (திரவம் அதனூடே ஓடும் எளிமை) அளப்பதற்காக இரண்டு முறை ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பெர்மியன் காலத்தில் கடல் ஏறி வடிந்த ஓதச் சமவெளிகளிலும் அவற்றை ஒட்டிய ஆழமற்ற கடலிலும் படிந்து, பின்னர் மக்னீசியம் சேர்ந்து டோலமைட்டாக மாறிய இந்தச் சுண்ணப் பாறையின் தரம் சில அடிகளுக்குள்ளேயே மாறிவிடும் என்பதால், எண்களை மட்டும் தரும் ஆய்வகம் இதற்குப் போதாது.

மென்சீவல், அதாவது நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகப் பாறையை மிக மெல்லியதாகச் சீவும் வேலையை மனமாரப் பாராட்டுகிறேன். நீலச் சாயம் கலந்த எபாக்சிப் பிசினை வெற்றிடத்தில் ஊறவைத்துச் சீவியிருந்ததால் துளைகள் பளிச்சென்று தெரிந்தன. அலிசரின் சாயத்தில் கால்சைட் என்ற சுண்ணக் கனிமம் சிவக்க, டோலமைட் நிறம் மாறாமல் நின்றது. ஒரு சீவலில் பறவைக்கண் துளைகள் (கண்போல் தெரியும் வெற்றிடங்கள்) பெரிதாக இருந்தும் ஒன்றோடொன்று இணையாமல் கிடந்தன; பலவற்றை அன்ஹைட்ரைட் (நீரற்ற கால்சியம் சல்பேட்) அடைத்திருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, எப்போதும் நீருக்கடியில் இருந்த பகுதியில் படிந்த பாறையிலோ, டோலமைட் படிகங்களுக்கு நடுவே சின்னஞ்சிறு துளைகள் வலைபோல் தொடர்ந்தன. நுண்துளை அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் எண்ணெய் ஓடக்கூடியது பின்னதில்தான் என்பதை, ஒவ்வொரு மாதிரியின் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் சீவல் படத்தையும் வைத்திருந்த அறிக்கை உடனே உணர்த்தியது.

முதல் முறை ஏமாற்றம் தந்தது உலர்த்திய விதம். மாதிரிகளில் ஜிப்சம் (படிக நீர் கொண்ட கால்சியம் சல்பேட்) இருப்பதைப் பாராமல், 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான சாதாரண அடுப்பில் வைத்துவிட்டார்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு படிக நீர். சூட்டில் அது வெளியேறினால், நிலத்தடியில் இல்லாத துளைகள் ஆய்வகத்தில் பிறந்துவிடும். அந்த எண்களை நம்பிக் கையிருப்பைக் கணக்கிட்டிருந்தால், இல்லாத எண்ணெயை இருப்பதாகச் சொல்லியிருப்பேன். இரண்டாம் முறை, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அடுப்பில் 60 டிகிரிக்கு மிகாமல் உலர்த்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், அப்படியே செய்தார்கள். முதல் முறை அளந்தவற்றுக்குப் பக்கத்தில் எடுத்த இந்தத் துண்டுகளில் நுண்துளை அளவு குறைந்தே வந்தது.

அன்ஹைட்ரைட் முடிச்சுகள் நிறைந்த பகுதிக்கு ஒரு அங்குலத் துண்டு போதாது. அங்கே முழுக் கோரையும் அளக்கச் சொல்லுங்கள். கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் தகும். உலர்த்தும் முறையை வேலை ஆணையிலேயே எழுதிவிட முடிந்தவர்களுக்கு இந்த ஆய்வகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.