அக்குள் எரிந்தால் ‘நச்சு வெளியேறுகிறது’ என்பார்கள், நம்பாதீர்கள்

பூசிய இடம் எரிகிறது என்று சொன்ன பிறகும் ‘தொடர்ந்து பூசுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவரிடம் அதற்குமேல் எதையும் வாங்காதீர்கள். முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

குளியலுக்கும் குளியலுக்கும் இடையில் உடலைப் புத்துணர்ச்சியுடன் வைத்திருக்கும் என்று சொல்லி, ‘வீட்டிலேயே கையால் தயாரித்த இயற்கைப் பராமரிப்புத் தொகுப்பு’ ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். அக்குளுக்கு ஒரு களிம்பு, உடம்பில் தெளித்துக்கொள்ள ஒரு மூலிகை நீர், ஈரத்தோடு தேய்த்துக்கொள்ள ஒரு படிகக்கல், கூடவே அழகாக அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டு. நானும் வாங்கினேன். மூன்று பொருளில் ஒன்றுகூடச் சொன்னபடி இல்லை. விற்றவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதே கலவையை, இதே வசனங்களோடு விற்பவர்கள் ஏராளம். ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு ஒதுங்குவதால் நீங்கள் தப்பிவிட முடியாது.

களிம்பிலிருந்து தொடங்குகிறேன். தொடக்கத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. மாலைவரை துளி நாற்றம் இல்லை. பிறகு அக்குள் இலேசாகச் சிவந்தது, அரித்தது. அதன்பின் தோல் தடித்துக் கருத்து, ஓரங்களில் உரியத் தொடங்கியது. கையை உடம்போடு ஒட்டி வைக்க முடியவில்லை. படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “பயப்படாதீர்கள் அக்கா. இத்தனை வருடம் கடை டியோடரன்ட் போட்டுச் சேர்ந்த நச்செல்லாம் இப்போதுதான் வெளியே வருகிறது. இந்த நேரத்தில் நிறுத்தினால் உள்ளேயே தங்கிவிடும்.”

இதைவிடப் பச்சையான பொய் கிடையாது. உடலின் கழிவுகளை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. அக்குளில் நச்சைக் கொட்டி வைக்கும் கிடங்கு எதுவும் இல்லை. வியர்வையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அதற்கென்று பெரிய வாடையும் கிடையாது. அக்குளில் உள்ள ஒருவகைச் சுரப்பிகள் பருவ வயதில் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவை சுரப்பதைக் கோரினேபாக்டீரியம் போன்ற தோல்வாழ் பாக்டீரியாக்கள் உடைத்துத் தின்னும்போது பிறப்பதுதான் அந்த நாற்றம்.

தோல் மருத்துவரிடம் போனேன். பார்த்தவுடனே அவர் கேட்ட முதல் கேள்வி, “இதில் சமையல் சோடா இருக்கிறதா?” தெரியாது என்றேன். டப்பாவின் மேல் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘தூய எண்ணெய்கள், இயற்கைக் கனிமங்கள், அன்பு.’ அன்பு என்பதைப் பொருட்பட்டியலில் போட இடம் இருந்திருக்கிறது, சோடாவுக்கு இடம் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் விற்றவர் சொன்னார்: தேங்காய் எண்ணெய், சோள மாவு, சோடா, கொஞ்சம் டீ ட்ரீ எண்ணெய். இயற்கைக் கனிமம் என்றது சோடாவைத்தான்.

சோடா நாற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மை. வாடை தரும் அமிலங்களை அது சமன்செய்துவிடும். சிக்கல் எங்கே என்றால், நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலில் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) அது ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை. சோடா கரைந்த நீரோ 8-க்கு மேல். அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. நாள்தோறும் பூசப் பூசத் தோலின் காப்பு அடுக்கு கெடுகிறது. மழித்த இடம் என்றால் இன்னும் வேகமாக. எனக்கு வந்தது ஒவ்வாமைகூட அல்ல, உறுத்தலால் வந்த அழற்சி என்றார் மருத்துவர். ஒவ்வாமை என்றால் ‘உங்கள் உடல்வாகு அப்படி’ என்று விற்றவர் கைகழுவிக்கொள்ளலாம். உறுத்தல் அப்படியல்ல, அளவு கூடினால், போதிய நாள் பூசினால், யாருக்கும் வரக்கூடியது.

டப்பாவை மறுபடி எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெயில் நேரத்தில் களிம்பு உருகி, சோடா முழுவதும் அடியில் படிந்து, இரவில் மறுபடி இறுகியிருக்கிறது. மேலே வழித்ததை விரல்களுக்கு இடையில் தேய்த்தால் வழுவழுவென்று இருந்தது. அடியில் இருந்தது நறநறவென்று பல்லிடுக்கில் அகப்பட்ட மணல் மாதிரி. ஆக, நாள் போகப் போக நான் பூசியது களிம்பை அல்ல, ஏறக்குறைய வெறும் சோடாவை. முதலில் சரியாக இருந்தது பிறகு ஏன் எரிந்தது என்பதற்கு நச்சுக் கதையெல்லாம் தேவையே இல்லை.

மூலிகை நீருக்கு வருகிறேன். கெடாமல் காக்கும் ‘பாதுகாப்புப் பொருள்’ எதுவும் சேர்க்கவில்லை என்பதுதான் அதன் பெருமையே. பன்னீரும் கற்றாழைச் சாறும் கலந்தது. தயாரித்த தேதி கிடையாது, எதுவரை பயன்படுத்தலாம் என்ற குறிப்பும் கிடையாது. புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அடியில் பஞ்சிழை போல வெள்ளையாக ஒன்று மிதந்தது. குலுக்கினால் பிரிந்து சுழன்று, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. அதற்கும் பதில் தயாராக இருந்தது: “இயற்கைப் பொருள் என்றால் படியத்தான் செய்யும் அக்கா, குலுக்கிவிட்டுத் தெளியுங்கள்.” தண்ணீரும் செடியின் சாறும் சேர்ந்த எதிலும், பாதுகாப்புப் பொருள் இல்லையென்றால், கிருமியும் பூஞ்சணமும் வளரும். அதிலும், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் கிருமி நிறைந்திருக்கலாம். எனக்கு இழை தெரிந்தது நல்லதாகப் போயிற்று. உரிந்த தோலில் அதைத் தெளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை இங்கே எழுதி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை.

படிகக்கல்தான் சிரிப்பை வரவழைத்தது. உறையின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘அலுமினியம் அறவே இல்லை’. பின்பக்கம் சிறிய எழுத்தில் ‘100% படிகாரம்’. படிகாரம் என்பதே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். படிகாரத்தின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. மழித்த பிறகு தடவ நெடுங்காலமாகப் பயன்படும் பொருள் அது. அலுமினியத்தைக் காட்டிப் பயமுறுத்தி, அதே அலுமினிய உப்பையே நம் கையில் கொடுத்துக் காசு வாங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

துண்டுச்சீட்டில் இருந்த ஒரு யோசனையையும் சொல்லிவிடுகிறேன். வெளியே கிளம்பும் முன் கழுத்திலும் கையிலும் எலுமிச்சை எண்ணெய் இரண்டு சொட்டு தடவிக்கொள்ளச் சொல்கிறது. பழத்தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயில் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் பொருட்கள் உண்டு. கொப்புளம் ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இந்த யோசனையை நான் பின்பற்றவில்லை. வாங்கிய மற்றவர்கள் பின்பற்றியிருப்பார்களோ என்பதுதான் கவலை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘பயன்படுத்திய பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது’ என்றார்கள். பயன்படுத்தாமல் எரிச்சல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. படங்களோடு நான் எழுதிய மதிப்புரை அன்று மாலையே காணாமல் போனது; மறுநாள் அவர்கள் பக்கத்தையே என்னால் பார்க்க முடியாதபடி செய்துவிட்டார்கள். விற்பனைத் தளத்தில் முறையிட்ட பிறகு மூலிகை நீருக்கு மட்டும் பணம் வந்தது, மிதக்கும் இழைக்குப் படம் இருந்ததால். களிம்புக்கு ஒன்றும் வரவில்லை. வாங்குகிறவர்கள் உறையையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் வையுங்கள். உரையாடலையும் அன்றன்றே படமெடுத்து வையுங்கள்.

வீட்டில் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஈரத்துணியில் மென்மையான சோப்பை நனைத்து அக்குளைத் துடைத்து, வெறும் நீரில் மறுபடி துடைத்து, நன்றாக உலர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். சட்டையை மாற்றுவது மீதி. பாலியெஸ்டர் துணி பருத்தியைவிட வாடையைப் பிடித்து வைக்கும். ஈரம் உறுத்தினால், புண் இல்லாத தோலில் கொஞ்சம் சோள மாவு போதும். தண்ணீர் சேர்ந்த எதையும் செய்து சேமித்து வைக்காதீர்கள். புதிய களிம்பை முன்கையின் உட்புறத்தில் தடவி ஓரிரு நாள் பார்ப்பது நல்லதுதான், ஆனால் சோடாவின் உறுத்தல் பல நாள் பூசிய பிறகே தெரியலாம். அந்தச் சோதனையில் தேறியது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். உடலின் வாடை திடீரென்று மாறினால் களிம்பைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது அதே தொகுப்பு வேறு பெயரில், வேறு நிற உறையில் விற்பனைக்கு வந்திருக்கிறது. வாசகங்கள்கூட மாறவில்லை, அன்பு உட்பட. வாங்க நினைப்பவர்கள் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: களிம்பில் சோடா எவ்வளவு, மூலிகை நீர் என்று தயாரானது. நான் வேறொரு எண்ணிலிருந்து கேட்டுப் பார்த்தேன். இதயக் குறி ஒன்று மட்டும் பதிலாக வந்தது.